என் மனைவிக்கு நான் கலந்த நிறம்

1

சிங்கப்பூரின் கிழக்குப் பக்கத்தில் நான் பெயின்ட் அடிக்காத அடுக்குமாடிகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். திருவாரூருக்குத் தெற்கே குத்தகை நிலத்தில் பிழைத்த குடும்பம் என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து, பதினாறாவது மாடிக்கு வெளியே கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு ரோலர் உருட்டினேன். இன்று என் பெயர் போட்ட லாரிகள் ஓடுகின்றன. பட்டம் வாங்கிய பிள்ளைகள் கையெழுத்துக்கு என் மேசை முன்னால் நிற்கிறார்கள்.

அதனால், மேற்பூச்சைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, இரண்டு கோட் அடித்தால் எந்தப் பாழடைந்த கட்டடமும் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே குழாய் ஒழுகினால் ஆறாவது மாதம் கொப்புளம் கட்டும். இது தெரிந்த எனக்கே புத்தி வர அறுபத்து நான்கு வயது ஆயிற்று என்றால், வெள்ளைத் தோலைக் கண்டதும் வாயைப் பிளக்கிற மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல!

என் மனைவி செண்பகத்துக்கு ஆறு வருடமாக முகத்திலும் கையிலும் வெண்புள்ளி. கண்ணைச் சுற்றி, வாயோரம், விரல் நுனிகளில் வெள்ளைத் திட்டுகள். தோலுக்கு நிறம் கொடுக்கிற சரக்கு அந்தந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான், ஒட்டாது, வலிக்காது என்றார் டாக்டர். எனக்கு ஒரே நொடியில் புரிந்தது. என் ஊர்க்காரர்களுக்கு இன்னும் புரியவில்லை.

போன வருடம் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தேக்கா கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்து அனுப்பினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரில் வரச் சொல்லிக் கடிதம். போனோம். வரிசைச் சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் ஏசி குளிரில் நடுங்கி உட்கார்ந்து, கவுண்டருக்குப் போனால், அங்கே ஒரு சின்னப் பெண், சீனப் பெண், படத்தையும் செண்பகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரர் நல்ல மனசோடு திட்டுகளை எல்லாம் கணினியில் அழித்துவிட்டிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தோம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தோம்.

"இது நீங்கள் இல்லை ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், ஆங்கிலத்தில். "முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். மேக்கப் இருந்தால் துடைத்துவிடுங்கள்."

"ஷீ நோ மேக்கப். காட் மேக்கப்," என்றேன், கடவுள் போட்ட மேக்கப் என்கிற அர்த்தத்தில். என் ஆங்கிலம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாகக் காண்டிராக்ட் எடுக்கிறேன். அந்தப் பெண் சிரித்தாள். செண்பகம் சிரிக்கவில்லை.

2

அன்று சாயங்காலமே ஊரிலிருந்து போன். என் மனைவியின் தம்பி துரைராசு. அவன் மகன் பிரகாஷுக்குத் தை மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். ஒரே பிள்ளை. நாங்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததே அந்தக் கல்யாணத்துக்குத்தான்.

"மச்சான், நல்லாருக்கீங்களா? பேனருக்குப் போட்டோ வேணும். மண்டபத்து வாசல்ல இருபதடி பேனர். உங்கள நடுவுல பெருசாப் போடப் போறோம்."

"அக்காவயும் சேத்துப் போடு மாப்ள."

"அதான் மச்சான்... அக்காவோட பழைய போட்டோ இருந்தா அனுப்புங்களேன். உங்க கல்யாணத்துல எடுத்தது. அதுல அக்கா அப்படியே மகாலட்சுமி மாதிரி இருக்கும்."

"மகாலட்சுமிக்கு வயசாவாதாடா?"

"கோச்சுக்காதீங்க மச்சான். பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற எடம். ஒருத்தன் மாதிரி ஒருத்தன் பேசுவானா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அது என் தப்பு. செண்பகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "அனுப்பிடுங்க," என்றாள். அனுப்பினேன். என் போட்டோவையும் அனுப்பினேன், அதற்கு முந்தின நாள் எடுத்தது. என் முகத்தில் அம்மை வடு எப்படியிருக்கும் தெரியுமா? கொத்தி வைத்த அம்மி மாதிரி இருக்கும். ஐந்து வயதில் வந்த அம்மை. அதற்கு யாரும் பழைய போட்டோ கேட்கவில்லை. ஆம்பிளை முகத்தில் குழி இருந்தால் குழியில் பணம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள் போல.

சர்க்கார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண், இருக்கிறபடி முகத்தைக் கொடு என்கிறாள். கூடப்பிறந்தவன் முப்பத்தேழு வருடத்துக்கு முந்திய முகத்தைக் கேட்கிறான்.

3

முப்பத்தேழு வருடத்துக்கு முந்திய கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என்னை யோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள்.

சிங்கப்பூரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு, கழுத்தில் செயினும் கையில் ஒரு ஜப்பான் டேப் ரிக்கார்டருமாக ஊருக்குப் போனேன் பெண் பார்க்க. அப்போது சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் தேர் வருகிற மாதிரி. ஒரே மாதத்தில் எட்டுப் பெண் பார்த்தேன். எட்டு வீட்டிலும் பஜ்ஜி, கேசரி. அடுப்புக்கரிக்கு அண்ணன் மாதிரி இருந்துகொண்டு நான் எங்கே போனாலும் முதலில் கேட்டது, "பொண்ணு கலரா?"

குடவாசல் பக்கம் ஒரு பெண் பார்த்தேன். என் நிறம்தான். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அவ்வளவு உசரத்துல தொங்கி வேலை பாக்கறப்ப காத்து அடிச்சா பயமா இருக்காதா?" என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே பெண் அவள்தான். மற்ற வீடுகளில் சம்பளத்தைத்தான் கேட்டார்கள். வெளியே வந்து, "கறுப்பா இருக்கு, வேணாம்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். உள்ளே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவ்வளவு திமிர்.

எட்டாவது வீடுதான் செண்பகம் வீடு. சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அவள் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பெண்ணைப் பார்க்க முடியவில்லையே என்று நான் தவிக்க, பதினைந்து வயதுத் தம்பி துரைராசு அரிக்கேன் விளக்கை எடுத்துவந்து, அக்கா முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். "நல்லாப் பாத்துக்குங்க," என்று வேறு சொன்னான். பார்த்தேன். பாலில் மஞ்சளைக் கரைத்த மாதிரி நிறம். அன்றைக்கே தட்டை மாற்றச் சொல்லிவிட்டேன். அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு யாரும் விளக்குப் பிடிக்கவும் இல்லை. கிளியை வளர்த்துக் குரங்கு கையில் கொடுத்தார்கள் என்று ஊர் பேசிற்று. எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. கிளி என்னிடம் இருக்கிறதே!

4

இங்கே இருக்கிற என் பிள்ளைகளின் லட்சணத்தையும் கேளுங்கள். மகனுக்கு முப்பத்து மூன்று வயதில் முன் தலை வழுக்கை. லீவு போட்டு வெளிநாடு போய், பின் தலையிலிருந்து முடியைப் பிடுங்கி முன் தலையில் நட்டுக்கொண்டு வந்தான். வரிசை வரிசையாக, கயிறு பிடித்து நட்ட மாதிரி. "எந்தப் பட்டத்துக்கு அறுப்புடா?" என்று கேட்டேன். அவனுக்குப் பட்டம் என்றால் காத்தாடிதான் தெரியும். நாற்றங்காலும் தெரியாது, நடவும் தெரியாது. கேலி செய்கிறேன் என்பது மட்டும் தெரிந்து, ஒரு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை.

மகள் இன்னொரு ரகம். "எல்லா ஸ்கின்னும் அழகுதாம்மா, நீ அப்படியே கான்பிடன்டா இரு," என்று அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பாதி தமிழில் பாதி வகுப்பு எடுப்பாள். மாதம் ஒரு தடவை அவள் மட்டும் கிளினிக் போய் முகத்தில் ஏதோ வெளிச்சம் அடித்துக்கொண்டு வருவாள். எதற்கு என்று கேட்டால் "கிளியர் பண்றதுக்கு" என்பாள். எல்லாத் தோலும் அழகு என்கிறவர்கள் அவரவர் தோலை மட்டும் ஏன் சும்மா விடுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை.

ஊர் இதைவிட மோசம். மூன்று வருடத்துக்கு முன்பு போயிருந்தபோது, செண்பகம் ஊற்றிக் கொடுத்த காப்பியை வாங்கிய ஒரு அம்மாள், "இப்பதான் சாப்புட்டு வந்தேன்," என்று ஓரமாக வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து அதே அம்மாள் பக்கத்து வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இன்னொருத்தி, "எவ்வளவு கலரா இருந்தீங்க, கண்ணு பட்டுடுச்சுங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கலரைப் பார்த்து முதலில் கண் வைத்தவன் நான்தான்.

5

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் சகோதரி குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூன்றாவது முடிச்சையும் அவள்தான் போட வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் அத்தைக்கு அந்த உரிமை. பிரகாஷ் பிறந்த அன்றைக்கே துரைராசு சொல்லியிருந்தான், "இவன் கல்யாணத்துக்கு வெளக்கு நீதான் புடிக்கணும்க்கா," என்று. செண்பகம் இருபத்தாறு வருடமாக அதைச் சேர்த்து வைத்திருந்தாள். நகை வேண்டும், புடவை வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்டதே கிடையாது. இந்த விளக்கைத்தான் நம்பியிருந்தாள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு துரைராசின் மனைவி வசந்தா கூப்பிட்டாள். "அண்ணி, உங்களுக்கு எதுக்கு சிரமம், என் தங்கச்சி பொண்ணு வெளக்கு புடிச்சுக்கட்டும். நீங்க முன் வரிசையில ஹாயா உக்காந்து பாருங்க." அவ்வளவு பாசம்.

செண்பகம் போனை வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஊர் சுவத்துக்கெல்லாம் கலர் கலக்கறீங்க. எனக்கு ஒண்ணு கலந்து குடுங்க."

"எதுக்கு? இருக்கற மூஞ்சியோட ஏறி நில்லு. எவன் என்ன சொல்லுவான், நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துப்பீங்க. என்னத்தானே எல்லாரும் பாப்பாங்க."

மறுநாள் பெயின்ட் நிறங்கள் அச்சடித்த ஷேடு கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய அழகுசாதனக் கடைக்குப் போனேன். சுவருக்கு இருக்கிற நிறங்களைவிட முகத்துக்கு அதிகம் இருக்கிறது. அதில் எங்கள் ஊர்த் தோலுக்கு மூன்றோ நான்கோதான், மீதி எல்லாம் வெள்ளைக்காரிக்கு. கடைக்காரப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். எனக்கு! நாலு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு மேசையில், சின்னப் பட்டிக் கத்தியால் கலந்தேன். துளி மஞ்சள், துளி சிவப்பு, ஊசி முனையளவு கறுப்பு. மூன்றாவது கலவையில் பிடித்துவிட்டேன். திட்டு எங்கே, தோல் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. செண்பகம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருடமாக அவள் அவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்லை.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. நிறத்தை டியூப்லைட்டில் பொருத்தாதே, வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாக இருக்கிற இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரி பிரிந்து நிற்கும். வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அன்றும் சொன்னேன், "வாசல் வராந்தாவுக்கு வா, வெளிச்சத்துல ஒரு தரம் பாத்துடலாம்."

"அய்யோ, எதிர் வீட்டுக்காரங்க பாப்பாங்க. இதுவே போதுங்க."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். என் ஆள் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

6

கும்பகோணத்தில் மண்டப வாசலில் பேனரைப் பார்த்தேன். நடுவில் நான். அம்மை வடு ஒன்றுகூட இல்லை. வேகவைத்து உரித்த முட்டை மாதிரி வழவழவென்று, ரோஸ் நிறத்தில் ஒருவன். பக்கத்தில் இருபது வயதுச் செண்பகம். அப்பாவும் மகளும் போல இருந்தோம். போகிறவன் ஒருவன், "சிங்கப்பூர்க்காரரு பொண்ணா இது? கட்டிக் குடுத்தாச்சா?" என்றே கேட்டான்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. மணப்பெண்ணுக்கு விடிவதற்கு முன்பிருந்தே இரண்டு பேர் மேக்கப். பட்டி பார்க்காமல் மூன்று கோட் அடித்திருந்தார்கள். என் சைட்டாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். அழகான பெண்தான், பாவம். அவள் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்கு மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்காது.

செண்பகம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் கலந்ததைப் பூசினாள். அங்கேயும் டியூப்லைட். பிரமாதமாக இருந்தது. அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, யாரையும் கேட்காமல் தானே ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனாள். நானும் ஒரு மேஸ்திரியின் கர்வத்தோடு பின்னால் போனேன்.

மேடையில் வீடியோக்காரன் லைட்டைப் போட்டான். போட்டதும் நிறம் பிரிந்தது. பூசின இடம் எல்லாம் சாம்பல் பூத்து, ஈயம் போன பாத்திரம் மாதிரி, கண்ணைச் சுற்றியும் வாயோரமும் வேறொரு திட்டாக நின்றது. வெறும் வெள்ளைத் திட்டே தேவலை. முன் வரிசையில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்ததும் கேட்டது.

வசந்தா ஓடிவந்தாள். "அண்ணி, முகத்துல என்னவோ ஆயிடுச்சு. வீடியோல நல்லா வராது. நீங்க கீழ போங்க, இவ புடிச்சுக்கட்டும்." அவள் தங்கை மகள் தயாராக நின்றிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். விளக்கை வாங்கக் கையும் நீட்டிவிட்டாள்.

நான் துரைராசைப் பார்த்தேன். அவன் ஐயரைப் பார்த்தான். ஐயர் புகையைப் பார்த்தார். எனக்கு வாய்க்கு வந்தது எல்லாம் கெட்ட வார்த்தை. செண்பகம் அதற்குள் விளக்கைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவுதான், இறங்கப் போகிறாள் என்று நினைத்தேன். மேடையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. என் தோளில் கிடந்த துண்டை உருவி, அதில் நனைத்து, அங்கேயே, அத்தனை பேர் முன்னால், லைட் வெளிச்சத்தில், முகத்தை அழுத்தித் துடைத்தாள். கன்னம், கண், வாயோரம். நான் கலந்தது அத்தனையும் என் துண்டுக்கு வந்துவிட்டது.

பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"தொரை, அன்னிக்கு இந்த மூஞ்சிய உன் மச்சானுக்குக் காட்ட வெளக்கத் தூக்கிப் புடிச்சியே, ஞாபகம் இருக்கா?"

அவன் வேட்டி நுனியைப் பிடித்துத் திருகினான்.

"நல்லாப் பாத்துக்குங்கன்னு சொன்ன. இப்பவும் பாக்கட்டும். நல்லாவே பாக்கட்டும். அந்த வெளக்க எடுத்து எங் கையில குடு."

மண்டபத்தில் நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார். துரைராசு குனிந்து விளக்கை எடுத்தான். வசந்தா, "என்னங்க!" என்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "இந்தாக்கா," என்று கொடுத்தான்.

அவள் வாங்கிக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றாள். மூன்றாவது முடிச்சையும் அவளே போட்டாள். விளக்கு அவள் முகத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. யார் யார் பார்த்தார்களோ எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். அரிக்கேன் வெளிச்சத்தில் பார்த்ததைவிட நன்றாகப் பார்த்தேன்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரிய மனுஷர், "என்ன இருந்தாலும் பொம்பளைக்கு இவ்வளவு ஆகாதுங்க," என்றார். "இலையப் பாத்துச் சாப்புடுங்க, ரசம் ஓடுது," என்றேன்.

7

சிங்கப்பூர் திரும்பிய பிறகு பழைய ஓட்டம்தான். காலையில் லாரி அனுப்புவது, மழை வந்தால் வெளிவேலையை நிறுத்துவது, சாயங்காலம் செண்பகத்தோடு கீழே நடப்பது. முன்பெல்லாம் முழுக்கை ரவிக்கையும் முக்காடுமாக வருவாள். இப்போது வெயில் தாங்கவில்லை என்று அரைக்கைக்கு வந்துவிட்டாள். மீதி இருந்த நாலு டப்பாவையும் நான்தான் குப்பையில் போட்டேன். அந்தத் துண்டு கறை போகவில்லை. பெயின்ட் வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் ஊரிலிருந்து கல்யாண ஆல்பம் வந்தது. தூக்க முடியாத கனம். பிரித்தால், ஸ்டுடியோக்காரன் அவன் வேலையைக் காட்டியிருந்தான். மாப்பிள்ளை, பெண், துரைராசு, வசந்தா, ஐயர், பந்தி பரிமாறுகிறவன், நாதஸ்வரக்காரர், நான், அத்தனை பேரையும் ஒரே மாதிரி வெளுத்து விட்டிருந்தான். எங்கள் வயற்காட்டுத் தோல் ஒன்றுகூட மிச்சமில்லை. விளக்கோடு நிற்கிற செண்பகத்தின் முகத்தில் திட்டு தெரியவில்லை. அழித்துவிட்டானோ என்று எனக்குக் கோபம் பொங்கிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். அழிக்கவில்லை. சுற்றிலும் இருந்த தோலையும் திட்டின் நிறத்துக்கே கொண்டுவந்துவிட்டிருந்தான்.

செண்பகம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வசந்தாவின் படத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். தன் கையை அந்தப் படத்தின் மேல் வைத்து, தன் விரல் நுனியின் வெள்ளையையும் வசந்தாவின் கன்னத்தையும் ஒத்துப் பார்த்தாள். அச்சு அசல் ஒரே ஷேடு. நாற்பது வருடம் நிறம் கலந்தவன் சொல்கிறேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

"பாத்தீங்களா," என்றாள். "மொத்தக் கல்யாணத்துக்கும் என் வியாதி வந்துடுச்சு."

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.